பயத்தோடேயே காலை வைப்பது எப்படி?

புது வேலையோ சபையில் புதுப் பொறுப்போ வந்தால், பயத்தை மறைக்காமல் அப்படியே ஜெபத்தில் கொட்டிவிடுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரத் தேவன் அனுப்பியபோது, மோசேயே எரியும் முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்குச் சரளமாகப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று சாக்குச் சொன்னவர்தான். தேவனுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். நீங்களும் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள், அதில் வெட்கமே இல்லை.

அப்புறம் வேதாகமத்தில் யோசுவா புத்தகத்தின் 1-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். திடமனதாக இருக்கும்படி சொல்வது அங்கே 4 முறை வருகிறது (ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறாது போல). 3-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் கடக்க வேண்டிய யோர்தான் நதி கரைபுரண்டு ஓடுகிறது, ஆசாரியர்களின் கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் அது நிற்கிறது. சரி, உங்களுக்குக் கால் நனைப்பது எது? ஒரு போன், ஒரு விண்ணப்பம், 'வருகிறேன்' என்று ஒரு பதில். இன்றைக்கு அதை மட்டும் செய்யுங்கள்.