போகிமானை எடைபோட மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள்

போகிமான் விளையாட்டில் அணி சேர்க்கும்போது நிறைய பேர் மொத்த அடிப்படைப் புள்ளிகளைத்தான் (தாக்குதல், வேகம் போன்றவற்றின் கூட்டுத்தொகை) முதலில் பார்க்கிறார்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்தப் போகிமானின் அபிலிட்டியை, அதாவது அதன் தனித்திறனைப் பாருங்கள். ஸ்லேக்கிங் என்ற போகிமானுக்கு மொத்தம் 670 புள்ளி, ஆனால் ட்ரூவன்ட் அபிலிட்டியால் ஒரு முறை அடித்தால் அடுத்த முறை சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் எதிராளி நிம்மதியாகத் தயாராகிவிடுவார். அசுமரில் என்ற போகிமானுக்கு 420தான், தாக்குதல் வெறும் 50, இருந்தாலும் ஹியூஜ் பவர் அபிலிட்டி இருந்தால் தாக்குதல் இரட்டிப்பாகும் (அதற்கு வேறு அபிலிட்டிகளும் வரும், அதனால் பிடித்தவுடனே பார்த்துவிடுங்கள்). வேகம் குறைவுதான், சரி, அதனால்தான் அக்வா ஜெட் என்ற அடியைக் கொடுக்கிறோம், சாதாரண அடிகளுக்கு முன்பே அது விழும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது: அசுமரில் பெல்லி டிரம் என்ற உத்தியைப் போட்டால் பாதி ஹெச்பி (உயிர்ப்புள்ளி) போய், தாக்குதல் உச்சத்துக்கு ஏறும், கையில் சிட்ரஸ் பெர்ரி இருந்தால் கால் பங்கு ஹெச்பி உடனே திரும்பும். அப்புறம் ஒன்று, முழு ஹெச்பி இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் மீதி பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றுவிடும், பாதிக்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் பெர்ரி வேலை செய்யும் என்பதால் அப்போது அது பயன்படாது.