நல்லிணக்க விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி?

எங்கள் சின்னத் தொண்டு அமைப்பில் கடிதம் எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். வெறுப்பைத் தணிக்க உழைப்பவர்களுக்கான விருதுகளுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் முதல் கடிதத்தில் செய்த தவறுகள் எதுவும் நான்காவதில் இல்லை. அந்தத் தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், பெயர் அனுப்பும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். நான் அதைக் கடைசியில் பார்த்தேன். சகிப்புத்தன்மையையும் அகிம்சையையும் வளர்ப்பவர்களுக்கு யுனெஸ்கோ தரும் மதன்ஜீத் சிங் பரிசு, காந்தியின் 125-ஆவது பிறந்த ஆண்டையொட்டி 1995-இல் ஏற்பட்டது. 1,00,000 டாலர். 2006-இல் இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் வீ. ஆனந்தசங்கரிக்குக் கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பரிசுக்கு உறுப்பு நாடுகளின் அரசுகளோ யுனெஸ்கோவோடு முறையான உறவுள்ள தொண்டு நிறுவனங்களோதான் பெயர் அனுப்ப வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகே இது என் கண்ணில் பட்டது! நோபல் அமைதிப் பரிசும் அப்படித்தான்: நாடாளுமன்ற உறுப்பினர்கள், குறிப்பிட்ட துறைப் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, ஜனவரி 31 கடைசி நாள். ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். தன் பெயரைத் தானே அனுப்புவது மட்டும் மூன்றிலும் செல்லாது.

அடுத்தது, சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. இன்ப அதிர்ச்சி தருகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு தரப்புக்கு நடுவில் பல ஆண்டுகளாகச் சமாதானம் பேசிவரும் ஒரு அம்மாவின் பெயரை அவருக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டேன். விஷயம் கசிந்தது. “விருதுக்காகத்தான் இவ்வளவு நாளும் எங்கள் வீட்டுப் படியேறினாயா?” என்று ஒரு தரப்பு கேட்டதாம். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் ஒரே சொத்து இரு பக்கத்து நம்பிக்கை. நாம் மாட்டுகிற மாலை அதைக் குலைத்துவிடலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த விவரத்தை எழுதலாம், எதை விட வேண்டும், படம் கொடுக்கலாமா என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, எழுத உட்காருங்கள். என் முதல் கடிதத்தில் ‘தன்னலமற்ற’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. படிக்கிறவருக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. 2009-இல் மதன்ஜீத் சிங் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாகிஸ்தானின் அப்துல் சத்தார் எதியைப் பாருங்கள். ‘கருணைக் கடல்’ என்றால் யாருக்கும் அவரைத் தெரியாது. தன் தொண்டு மையங்களின் வாசலில் தொட்டில் வைத்தார், பெற்ற குழந்தையைக் குப்பையில் வீசாமல் அதில் விட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று சொன்னால் போதும். உங்கள் ஆளின் தொட்டில் எது என்று தேடுங்கள். என்றைக்கு, எங்கே, யாருக்கு நடுவில் போய் நின்றார், மறுநாள் என்ன மாறியது? அது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

‘சகிப்புத்தன்மை’ என்ற சொல்லையும் நான் குறைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது போல ஒலிக்கிறது.

அப்புறம் சான்றுக் கடிதங்கள். பெரிய மனிதர்களின் கடிதம் ஐந்து வைப்பதைவிட, ஒரு காலத்தில் எதிர்த்தரப்பில் நின்ற ஒருவர் தன் கையால் எழுதிய அரைப் பக்கம் மேல். கிடைப்பது கஷ்டம், அலைந்துதான் ஆக வேண்டும். யுனெஸ்கோவுக்கு என்றால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும், ஆகவே மொழிபெயர்க்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மூலத்தையும் கூடவே வையுங்கள்.

அந்த அம்மா பிறகு பேசினார். மறுபடி பெயர் அனுப்பவா என்று கேட்டேன். தனியாக என்றால் வேண்டாம், இரண்டு தரப்பிலிருந்தும் தன்னோடு வேலை செய்கிற இருவரைச் சேர்த்துப் போடு என்றார். அப்போதுதான் 1998 நினைவுக்கு வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த அதே ஆண்டில், மதன்ஜீத் சிங் பரிசு இந்தியாவின் காந்தியவாதி நாராயண் தேசாய்க்கும் பாகிஸ்தானின் மக்கள் உரிமைக்கான கூட்டு நடவடிக்கைக் குழுவுக்கும் பகிர்ந்து தரப்பட்டது. கூட்டுப் பரிந்துரையை ஏற்பார்களா என்று அந்தந்த விருதின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது கடிதத்தில் மூன்று பெயர் போனது, அகர வரிசையில். அம்மாவின் பெயர் கடைசியில் வந்தது; அவருக்கு அதில் சந்தோஷம். கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அடுத்த சுற்றுக்குத் தேதிகளை மட்டும் மாற்றினால் போதும்.