மலை வீட்டில் பழைய ரேடியோவைப் பாட வைப்பது எப்படி?

கொடைக்கானல் மலையில் காற்றுமழை பிடித்தால் கரண்ட் போய்விடும், பல நேரம் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போகும். அப்போது செய்தியும் வானிலையும் கேட்க பேட்டரி ரேடியோதான் கைகொடுக்கும். பரணில் ஒன்று கிடந்தால் மழைக்காலத்துக்கு முன்பே இறக்கித் தயார் செய்துவிடுங்கள்.

முதலில் பேட்டரி போடும் இடத்தைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரிக் கட்டைகள் கசிந்து சுருள்கம்பியில் பச்சை பூத்திருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் துணியால் துடைத்துவிட்டு, தகடு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். புதுக் கட்டையின் தட்டையான பக்கம் சுருளைத் தொட வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது.

வால்யூமைக் கூட்டும்போது கரகரவென்றால் திருகுக்குள் ஈரமும் அழுக்கும் படிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திருகை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, டயலில் 88 முதல் 108 வரை எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் உங்கள் செட்டில் எஃப்எம் உண்டு. முள்ளை மெதுவாக 100.5-க்குக் கொண்டுபோங்கள். அதுதான் கொடைக்கானல் வானொலி. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமெல்லாம் கேட்கும் நிலையம், மலையிலேயே இருக்கும் நம் வீட்டில் சில சமயம் இரைகிறதே, ஏன்? எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சமவெளிக்கு மலை உச்சி நேராகத் தெரிகிறது. பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கோ நடுவில் ஒரு முகடு நிற்கிறது.

இதற்கு ஏரியலை முழுசாக இழுத்துவிடுங்கள். இந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ. ஏரியல் இருந்தால் நன்றாக வாங்கும். தகரக் கூரையும் இரும்புக் கம்பியும் அலையைத் தடுக்கும், அதனால் திறந்த ஜன்னலோரம் வையுங்கள். அப்புறம் பொறுமையாக ஒவ்வொரு சாணாக நகர்த்திப் பாருங்கள். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முக்கால் மீட்டர் தள்ளினால் பளிச்சென்று கேட்கும். வசதியான மேசையில் வைத்து ஒரே தடவையில் கைவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

எஃப்எம் இல்லாத செட்டா? மீடியம் வேவ் என்ற இன்னொரு அலைவரிசை இருக்குமே. அதற்கு இழுக்கும் ஏரியல் உதவாது. வாங்கும் கம்பி உள்ளேயே ஒரு கறுப்புத் தண்டில் சுற்றியிருக்கிறது. ரேடியோவையே திருப்பித் திருப்பித் திசை பிடிக்க வேண்டும். பகலில் வானின் மேலடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கும், இருட்டியதும் அது கலைந்து தூரத்து நிலையங்களும் வரும். எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் இதில் இரைச்சலைக் கிளப்பும், அணைத்துவிடுங்கள். கரண்ட் போன ராத்திரியில் மீடியம் வேவ் இன்னும் சுத்தமாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இடி மின்னல் நெருங்கினால் ஏரியலை மடக்கி ஜன்னலைவிட்டுத் தள்ளி வையுங்கள். ரொம்ப நாள் கேட்கப்போவதில்லை என்றால் கட்டைகளைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள்.