மிக்ஸரும் இன்டர்ஃபேஸும் இருக்கிறது, எதை எதில் செருகுவது?

கோயில் பஜனைக்கோ பிறந்தநாள் நிகழ்ச்சிகளுக்கோ எப்போதோ வாங்கிய எட்டுச் சனல் மிக்ஸர் ஒன்று, மைக் சத்தத்தைக் கணினிக்குக் கொண்டுபோகப் புதிதாக வாங்கிய இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் ஒன்று, ஒரு லேப்டொப். கொழும்பில் பலருடைய வீட்டு ஸ்டூடியோ இவ்வளவுதான். மிக்ஸர் கையில் இருக்கிறதே, அதையும் ரெக்கோர்டிங்கில் சேர்த்துவிடலாம் என்று உடனே மைக்கை மிக்ஸரிலும் மிக்ஸரை இன்டர்ஃபேஸிலும் செருகிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒருவர் பாடுவதற்கோ கதைப்பதற்கோ என்றால் மைக்கை நேரே இன்டர்ஃபேஸில் செருகிவிட்டு, மிக்ஸரை இன்டர்ஃபேஸுக்குப் பின்னால், அதாவது கேட்கிற பக்கத்தில் வையுங்கள். இன்டர்ஃபேஸில் உள்ள இன்புட்டுகளை விட மைக்குகள் கூடிப்போனால்தான் மிக்ஸர் முன்னால் வர வேண்டும்.

ஏன் என்றால், மிக்ஸர் எத்தனை மைக்கை வாங்கினாலும் கடைசியில் இடம், வலம் என்று இரண்டாகக் கலந்துதான் வெளியே தள்ளுகிறது. மிருதங்கம் குரலை அமுக்கிவிட்டது என்று அடுத்த நாள் கேட்கும்போது தெரிந்தால், கலந்ததைப் பிரிக்க வழியில்லை. யூஎஸ்பி உள்ள மிக்ஸர் வாங்கினால் இந்தத் தலையிடி போய்விடும் என்றும் எல்லா நேரமும் சொல்ல முடியாது. யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் முன்னால் எத்தனை மைக் போட்டாலும் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போவது இரண்டு சனல்தான், சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே மாதிரி ஒன்றோ சனல்களைத் தனித்தனியாக அனுப்பும். புறக்கோட்டையில் கடைக்காரர் 'யூஎஸ்பி இருக்கு' என்று சொன்னால், 'கணினிக்கு எத்தனை சனல் தனித்தனியாகப் போகும்?' என்று கேளுங்கள். சில மலிவு மிக்ஸர்களில் அந்த ஓட்டை பென் டிரைவில் இருக்கிற பாட்டைப் போடுவதற்கு மட்டும்தான், கணினியோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

சரி, மிக்ஸர் முன்னால்தான் வேண்டும், ஆட்கள் கூட என்றால் இப்படிச் செய்யுங்கள். மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து வருவது லைன் லெவல், +4 டிபியு என்றால் கிட்டத்தட்ட 1.23 வோல்ட். மைக்கிலிருந்து வருவதோ மில்லிவோல்ட் கணக்கு. இன்டர்ஃபேஸின் முகப்பில் இருக்கிற கொம்போ சொக்கெட்டில் எக்ஸ்எல்ஆர் ப்ளக்கை (மைக் வயரின் மூன்று பின் முனை) செருகினால் அது மைக் என்று நினைத்து, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குகிற ப்ரீஆம்பில் ஏற்றும், நடுவில் உள்ள கால் அங்குல ஓட்டையில் டிஆர்எஸ் ப்ளக்கை (பெரிய ஹெட்ஃபோன் ப்ளக் மாதிரியானது) செருகினால்தான் லைனாக எடுக்கும். ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்பில் ஏறி வந்த சத்தத்தை இன்னொரு தடவை ஏற்றினால் இரைச்சலும் கரகரப்பும்தான் மிஞ்சும். ஆகவே மிக்ஸரின் பக்கம் எக்ஸ்எல்ஆர் இருந்தாலும் இன்டர்ஃபேஸ் பக்கம் டிஆர்எஸ் முனையாக இருக்கிற வயரை வாங்குங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்எல்ஆரில் கொடுத்திருக்கும்போது யாராவது கொண்டென்சர் மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிற 48 வோல்ட் பொத்தானை அமுக்கினால் அந்த வோல்டேஜ் மிக்ஸரின் அவுட்புட்டுக்குள் போகும், சில மிக்ஸர்கள் அதைத் தாங்காது. கிட்டாருக்கான 'இன்ஸ்ட்' பொத்தானும் அணைந்திருக்கட்டும்.

இரண்டு இன்புட்தான் என்றாலும் சத்தத்தை இடம், வலம் என்று திருப்புகிற பேன் திருகியை வைத்து ஒரு வேலை செய்யலாம். குரலை முழுதாக இடப்பக்கம் திருப்புங்கள், மிருதங்கத்தை முழுதாக வலப்பக்கம். மென்பொருளில் ஒரு ஸ்டீரியோ ட்ராக் திறக்காமல் இரண்டு மோனோ ட்ராக் திறந்து, முதலாவதுக்கு இன்புட் 1, அடுத்ததுக்கு இன்புட் 2 என்று கொடுங்கள். இப்போது இரண்டும் தனித்தனியாக இருக்கும், பிறகு கூட்டிக் குறைக்கலாம். வயலினும் வந்தால் அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று முதலே யோசிக்க வேண்டும். வயலின் பெரும்பாலும் குரலைத் தொடர்ந்தே போவதாலும், பாடுகிறவர் ஓய்வாக இருக்கும் இடங்களை நிரப்புவதாலும் குரலோடு சேர்த்தால் சமாளிக்கலாம், மிருதங்கத்தோடு சேர்த்தால் பிறகு வயலினைக் கூட்டும்போதெல்லாம் மிருதங்கமும் சேர்ந்து எழும்பும்.

சில இன்டர்ஃபேஸ்களில் மைக் இன்புட் குறைவு, பின்பக்கத்தில் லைன் இன்புட் மட்டும் சும்மா கிடக்கும். மிக்ஸரின் ப்ரீஆம்புகளுக்கு உண்மையான வேலை அங்கேதான். சனலின் இன்சர்ட் ஓட்டையிலிருந்து (சனலின் நடுவே சத்தத்தை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடுகிற இடம்) சத்தத்தை எடுத்து அந்த லைன் இன்புட்டுக்கு அனுப்பலாம். இன்சர்ட் பெரும்பாலான சிறிய மிக்ஸர்களில் ஈக்யூவுக்கும் (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைப்பது) ஃபேடருக்கும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளி) முன்னாலேயே எடுக்கப்படுவதால், யாராவது ஃபேடரை நோண்டினாலும் பதிவு கெடாது. மோனோ ப்ளக்கை முதல் 'கிளிக்' வரை பாதியாகச் செருகினால் சனல் துண்டிக்கப்படாமல் சத்தம் வெளியே வரும் என்பது பல மிக்ஸர்களில் சரிதான், ஆனால் பாதி செருகிய ப்ளக் கால் பட்டால் கழன்றுவிடும். ஒரு டிஆர்எஸ் ப்ளக்கின் டிப்பையும் (நுனி) ரிங்கையும் (நடு வளையம்) சேர்த்து ஈயம் வைத்து ஒரு வயர் செய்துகொண்டால் முழுதாகவே செருகலாம். சனலும் ஓடும், பதிவும் போகும்.

அடுத்தது லெவல், பெரும்பாலான பதிவுகள் பழுதாகிற இடம். சனல் ஃபேடரையும் மெயின் ஃபேடரையும் 0 என்று குறித்த இடத்தில் வைத்துவிட்டு, மேலே உள்ள கெயின் திருகியை மட்டும் கூட்டுங்கள். பாடுகிறவரிடம் 'ஹலோ ஹலோ' சொல்லச் சொல்லாதீர்கள், பாட்டிலேயே உச்சமாகப் போகிற சரணத்தைப் பாடச் சொல்லுங்கள். மிக்ஸரின் மீட்டர் 0 பக்கம் ஆடி, உச்சத்தில் கொஞ்சம் மேலே போய் வந்தால் போதும். அப்புறம் இன்டர்ஃபேஸின் கெயினை அடியோடு குறைத்துத் தொடங்கி, மென்பொருள் மீட்டர் சராசரியாக −18, உச்சத்தில் −12 அளவில் நிற்கும்படி வையுங்கள். மிக்ஸரின் 0க்கு மேலே இன்னும் நிறைய இடம் இருக்கிறது, கணினியின் 0க்கு மேலே ஒன்றுமே இல்லை, முட்டினால் நொறுங்கும். இரண்டையும் ஒரே 0 என்று நினைத்து மென்பொருள் மீட்டரையும் மேலே ஏற்றுவதுதான் வழக்கமான பிழை. 24 பிட்டில் பதிகிறபோது −18 ஒன்றும் குறைந்த லெவல் இல்லை. அதேபோல் மிக்ஸரிலேயே சிவப்பு லைட் எரிந்தால், இன்டர்ஃபேஸில் குறைத்துப் பயனில்லை. உடைந்த சத்தம் சின்னதாகப் பதியும், அவ்வளவுதான்.

மிக்ஸரின் ஈக்யூவைப் பதியும்போது தொடாமல் விடுவது நல்லது, மென்பொருளில் பிறகு எத்தனை தரமும் மாற்றிப் பார்க்கலாம். லோ கட் பொத்தான் மட்டும் விதிவிலக்கு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ரயில் உறுமல், காலி வீதிப் பக்கம் பஸ், இரண்டுக்கும் நடுவில் மேலே ஃபேன், இவை எல்லாவற்றிலும் 80, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற பகுதியை அது கொஞ்சம் வெட்டிவிடும். குரலுக்கு அமுக்குங்கள், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து, அதாவது கனத்த நாதம் வருகிற பக்கத்து மைக்குக்கு அமுக்காதீர்கள், அந்தக் 'கும்' என்கிற கும்கி நாதமே காணாமல் போய்விடும்.

இனிக் கேட்கிற பக்கம், மிக்ஸர் சும்மா இருந்தாலும் அதை விற்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். குரல் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்ஃபோனுக்கு வருவதற்கு நேரம் எடுக்கும். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவு) 256 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கே 5.3 மில்லிசெக்கன், திரும்பி வருவதற்கும் மாற்றுவதற்கும் எடுப்பதையும் சேர்த்தால் பாடுகிறவருக்குத் தன் குரல் பின்னால் இழுபடுவது தெரியத் தொடங்கும். அனலொக் மிக்ஸரில் இந்தத் தாமதமே இல்லை. மைக் மிக்ஸரில் இருந்தால் குரலை அங்கிருந்தே ஹெட்ஃபோனுக்குக் கொடுக்கலாம். மைக் நேரே இன்டர்ஃபேஸில் என்றால் அதிலேயே உள்ள டைரக்ட் மொனிட்டர் அந்த வேலையைச் செய்யும், அதன் அவுட்புட்டை மிக்ஸருக்குக் கொண்டுவந்தால் போதும். மிக்ஸரின் எஃபெக்டில் கொஞ்சம் எதிரொலியை ஹெட்ஃபோனுக்கு மட்டும் சேர்த்தால் பாடுகிறவருக்குத் தைரியம் வரும், பதிவு உலர்ந்ததாகவே இருக்கும். சுருதிப் பெட்டிக்குப் பதிலாக ஃபோனில் தம்புரா செயலி போடுகிறவர்கள், அதையும் பதிவுக்குப் போகாதபடி ஹெட்ஃபோன் பக்கம் மட்டும் திருப்பிவிடலாம். மென்பொருளில், உள்ளே வரும் குரலைத் திரும்பக் கேட்கவைக்கிற இன்புட் மொனிட்டரிங்கை மட்டும் மறக்காமல் அணையுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வந்தால் தகரக் குழாய்க்குள் பாடுகிற மாதிரிக் கேட்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணினியில் ஓடுகிற பின்னணி இசையை இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸரின் ஒரு ஸ்டீரியோ சனலுக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்தச் சனல் மெயினுக்குப் போகிறது, மெயின் இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. பின்னணி இசை குரலோடு சேர்ந்து பதிவாகும், இன்புட் மொனிட்டரிங்கும் போட்டிருந்தால் சுற்றிச் சுற்றி ஊளையிடத் தொடங்கி காதைக் கிழிக்கும். மிக்ஸரில் '2டிஆர் இன்' அல்லது 'டேப் இன்' இருந்தால் கணினியை அதில் கொடுத்து, ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகும்படி பொத்தானை வையுங்கள், 'டு மெயின்' பொத்தானைத் தொட வேண்டாம். அது இல்லையா, ஸ்டீரியோ சனலின் ஃபேடரை அடியில் விட்டுவிட்டு அதன் ஆக்ஸை (மெயினுக்கு வேறாகச் சத்தத்தை அனுப்புகிற திருகி) மட்டும் கூட்டுங்கள், ஆக்ஸ் ப்ரீ ஃபேடராக, அதாவது ஃபேடருக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதாக இருக்க வேண்டும். குரலின் ஆக்ஸையும் கூட்டி, ஆக்ஸ் அவுட்டை ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்புக்குக் கொடுத்தால் பாடுகிறவருக்கென்றே தனி மிக்ஸ் கிடைக்கும். சனலை மெயினிலிருந்து எடுத்து வேறு அவுட்புட்டுக்கு அனுப்புகிற 'ஆல்ட் 3-4' பொத்தான் உள்ள மிக்ஸர் என்றால் இன்னும் சுகம், மைக்குகளை அதற்கு அனுப்பி அங்கிருந்தே பதியலாம், மெயின் முழுக்கக் கேட்பதற்கே.

எல்லாம் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கேட்டால், நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 50லும் 100லும் வருகிற சத்தம் அது. முதலில் லேப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து உண்டாகிற எர்த் சுற்றுத்தான் காரணம். மிக்ஸர், லேப்டொப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மல்டி ப்ளக்கில் கொடுங்கள், வயர்களை பெலன்ஸ்டாக (இரைச்சலைத் தள்ளிவிடுகிற எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ் வகை) மாற்றுங்கள், அப்படியும் போகாவிட்டால் மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒன்றைப் போடுங்கள். ப்ளக்கின் எர்த் காலை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மைக்கில் உதடு படுகிறவர் உயிரோடு விளையாடுகிற வேலை அது. உறுமலாக இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று கீறினால் ஃபேன் ரெகுலேட்டரையோ டிம்மர் லைட்டையோ சந்தேகப்படலாம். அதை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்கப் பாட வேண்டியதுதான்.

சுவிட்ச் போடும்போது மிக்ஸர், இன்டர்ஃபேஸ், கடைசியாக ஸ்பீக்கர், அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸ் கம்பனியின் அசியோ (ASIO) ட்ரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். அனலொக் மிக்ஸர் எதையும் ஞாபகம் வைத்திருக்காது, பதிவு முடிந்ததும் திருகிகளை ஃபோனில் ஒரு படம் எடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைத்தால் அடுத்த கிழமை அதே குரலில் ஒரு வரி திருத்த வேண்டி வரும்போது உதவும். கடல் காற்று வருகிற வீடு என்றால் மிக்ஸரைத் துணியால் மூடி வையுங்கள், ஃபேடர் நகர்த்தும்போது கரகரத்தால் கொன்டக்ட் கிளீனர் போதும், அதற்காகப் புது மிக்ஸர் தேவையில்லை.