சென்னை வீட்டில் உயர்திறன் மேசைக் கணினியை நாமே அசெம்பிள் செய்யும் முறை

சொந்தமாக ஒரு உயர்திறன் கணினியைக் கட்ட வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பெயரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அந்தக் கணினி எந்த அறையில், எந்த பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது என்பதைத்தான். கத்திரி வெயில் நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை பிற்பகலில் 35 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. வெளிநாட்டு விமர்சகர்கள் 21 டிகிரி அறையில் அளந்து சொல்லும் எண்களை அப்படியே நம்பி வாங்கினால், கணினி வேலை செய்யும்; ஆனால் அதன் பக்கத்தில் நாம்தான் உட்கார முடியாது.

விளக்கம் தெளிவாக இருக்க ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 2 டிபி எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே பொருத்தும் சேமிப்பு அட்டை), 850 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி). வேறு பாகங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுவேதான்.

அறையும் மின்சாரமும்

ஆர்டிஎக்ஸ் 5080 முழுச் சுமையில் 360 வாட் வரை இழுக்கும். 9800எக்ஸ்3டியின் உச்ச வரம்பு 162 வாட். மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை), ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 80 வாட் வைத்தால் மொத்தம் சுமார் 600 வாட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 90 சதவீதம் என்றால், சுவரிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 660 வாட். 230 வோல்ட்டில் இது 3 ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் சேர்த்துச் செருகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இந்த 660 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், அதன் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கணினி மட்டுமே எடுத்துக்கொள்ளும். தினமும் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் நாளொன்றுக்கு 2.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 158 யூனிட். நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ இது ஒன்றே விழுங்கிவிடும் என்பதை வீட்டில் பணம் கட்டுபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய குடியிருப்புகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வருவது அதன் அடையாளம். யுபிஎஸ் வாங்கும்போது அட்டையில் உள்ள விஏ எண்ணை வாட் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும் என்பதால், விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால் அதுவும் கூடவே படுத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள், அதன் பின்புற ஸ்விட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் அது மாறும் நேரம் கணினிக்கு அதிகம்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

உயர்திறன் என்றால் எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததையே வாங்குவது என்று பொருளில்லை. விளையாட்டுதான் முதன்மை என்றால் எட்டு கோர்களும் 96 எம்பி எல்3 கேஷும் (பிராசசருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்) கொண்ட 9800எக்ஸ்3டியே போதும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங் போன்றவை பிழைப்பாக இருந்தால் 16 கோர்கள் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ் போன்றவற்றைப் பார்க்கலாம். ரேமை இரண்டு குச்சிகளாகவே, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஏஎம்5 சாக்கெட்டில் (இந்தப் பிராசசர் அமரும் இடம்) பலிக்காது. நான்கு குச்சிகள் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் 5600இலிருந்து 3600 ஆக இறங்கிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில், கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2×6 கேபிளுடன், குறைந்தது 80 பிளஸ் கோல்டு என்ற திறன் சான்றுடன் 850 வாட் வேண்டும். கேபினட் முன்புறம் வலைத்துளைகளும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதாக இருக்கட்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் கடையில் அழகாகத்தான் தெரியும். நம் வெப்பத்துக்கு அது ஒரு மூடிய இட்லிப் பானை. கூலர் விஷயத்தில், இரட்டை அடுக்குக் காற்றுக் கூலரே இந்தப் பிராசசருக்குப் போதும் என்பது என் கருத்து. 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் சத்தம் குறைவாகவும் பார்வைக்கு நேர்த்தியாகவும் இருக்கும், ஆனால் எந்தக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோகாது.

ரிச்சி தெருவில்

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ஆகவே வேலைநாளின் முற்பகலில் போங்கள். பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, இணைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மிச்சமாகும் தொகை, கிராபிக்ஸ் கார்டு ஒருமுறை பழுதானால் போய்விடும். 9800எக்ஸ்3டி 2024 நவம்பரில்தான் வெளிவந்தது. அதற்கு முன் பெட்டியில் அடைக்கப்பட்ட மதர்போர்டு, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) அப்டேட் இல்லாமல் அதை அடையாளம் காணாமல் போகலாம். பென் டிரைவிலிருந்தே அப்டேட் செய்யும் பட்டன் பின்புறம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்துக்குள் வாங்கிவிடுவது அவசியம். மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்த்தால், முதலில் வாங்கியது பழுதென்று தெரிய வரும்போது மாற்றித் தரும் காலம் முடிந்திருக்கும்.

மதர்போர்டை வெளியே வைத்துச் செய்ய வேண்டியவை

கையில் வேண்டியது நுனியில் காந்தமுள்ள ஒரு நட்சத்திரத் திருப்புளியும் நல்ல வெளிச்சமும்தான். நம் ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறைவு என்றாலும் ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும். அவ்வப்போது எர்த் உள்ள ஏதாவது ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுவதும் நல்லது, அதன் இறக்கையிலுள்ள தூசி சாக்கெட்டில் விழ வேண்டாம்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, சாக்கெட்டின் நெம்புகோலை அழுத்தி விலக்கி, இரும்புச் சட்டத்தைத் தூக்குங்கள். உள்ளே தெரியும் 1718 நுண்ணிய பின்களை விரலால் தொடக் கூடாது. ஒன்று வளைந்தாலும் வாரண்டி போய்விடும். பிராசசரின் ஓரங்களைப் பிடித்து, மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து, தானாக அமரும்படி விடுங்கள், அழுத்த வேண்டாம். சட்டத்தை மூடி நெம்புகோலைக் கீழே கொண்டுவரும்போது நிறையவே பலம் தேவைப்படும். முதன்முறை செய்பவர்களுக்கு ஏதோ உடையப்போகிறது என்றே தோன்றும், அது இயல்பானது. அப்போது மேலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெறித்து வெளியே வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ரேம் குச்சிகளைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில், கிளிக் என்ற ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைப் பிராசசருக்கு மிக அருகிலுள்ள எம்.2 இடத்தில் சாய்வாகச் செருகி, படுக்கவைத்துத் திருகி, மேலே வரும், வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மூடுங்கள்.

தாள் உரிக்கும் விஷயத்தில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முதல் கணினியைச் செய்தபோது கூலரின் செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த ஒளிபுகும் தாளை உரிக்காமலே பொருத்திவிட்டேன். கணினி ஓடத்தான் செய்தது, ஆனால் ஒரு சோதனையைத் தொடங்கிய சில நொடிகளில் பிராசசர் அதன் 95 டிகிரி வரம்பைத் தொட்டு நின்றது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சரிதான். கூலரைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) துடைத்து, மறுபடி பூசிப் பொருத்த அரை நாள் போயிற்று.

கேபினட்டுக்குள்

கேபினட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் மதர்போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால் அது அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். மதர்போர்டைத் திருகியதும், இடது மேல் மூலையிலுள்ள எட்டு பின் பிராசசர் பவர் கேபிளை உடனே செருகிவிடுங்கள். கூலர் வந்தபின் அந்த மூலைக்குக் கை எட்டாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் வீட்டில் கிடந்தாலும் அவற்றைப் புதியதில் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் செருகி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேபிளில் இணைத்த எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகிப் போவதற்கு இது ஒன்றே போதும்.

கூலரைப் பொருத்துமுன் பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவும் நான்கு மூலைகளில் சிறு புள்ளிகளுமாகத் தெர்மல் பேஸ்ட் வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். கூலரின் விசிறி வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் இருக்க வேண்டும். கேபினட் விசிறிகளில் முன்பக்கத்தவை காற்றை உள்ளே இழுக்கவும் பின்பக்கமும் மேற்புறமும் உள்ளவை வெளியே தள்ளவும் வேண்டும். விசிறியின் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். பவர் பட்டனின் சின்னஞ்சிறு வயர்களை எங்கே செருகுவது என்பதற்கு மதர்போர்டு கையேட்டின் படமே போதும்.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. பின்புறத் தகடுகளைக் கழற்றி, மேலேயுள்ள நீண்ட பிசிஐஇ இடத்தில் கிளிக் ஓசை வரும்வரை செருகி, திருகி, கனமான கார்டு தொங்காமல் கீழே ஒரு தாங்கி வையுங்கள். பவர் கேபிளை இடைவெளி தெரியாதபடி முழுவதுமாக உள்ளே தள்ள வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றின் செருகிகள் உருகியபோது, முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று என்விடியா கூறியது. அதன்பின் வந்த 12வி-2×6 வடிவத்தில், செருகி முழுதாக அமர்ந்ததா என்று அறிய உதவும் உணர்வுப் பின்களின் நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் கண்ணால் ஒருமுறை பார்ப்பதற்கு மாற்றில்லை. செருகியை ஒட்டிக் கேபிளை மடக்கவும் வேண்டாம்.

முதல்முறை ஆன் செய்தல்

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ஆன் செய்ததும் விசிறிகள் சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்5 மதர்போர்டு முதல்முறை ரேமைப் பயிற்றுவித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். இந்த நேரத்தில் பயந்துபோய் ஆஃப் செய்பவர்கள்தான் அதிகம். பத்து நிமிடம் கழிந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், மதர்போர்டின் ஓரத்தில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்ற நான்கு சிறு விளக்குகளில் எது எரிகிறது என்று பார்த்து, அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

பயாஸுக்குள் போய் எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் ஏஎம்டியின் வசதி) அமைப்பை இயக்கினால்தான் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் அந்த வேகத்தில் ஓடும். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும், ஆனால் புதிய மதர்போர்டின் வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) பெரும்பாலும் விண்டோஸில் இருக்காது. டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் வைத்திருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமை ஓர் இரவு முழுக்கவும், சினிபெஞ்ச் கொண்டு பிராசசரை அரை மணி நேரமும் சோதித்து, அன்றைய அறை வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் 26 டிகிரி அறையில் 72 காட்டிய பிராசசர் மே மாதம் 36 டிகிரி அறையில் 82 காட்டினால் அது பழுதில்லை, வெயில்தான். வித்தியாசம் அதைவிடக் கூடினால் தூசி வடிகட்டியைக் கழுவுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலையொட்டி இருப்பவர்கள் உப்புக் காற்று நேரே படும் ஜன்னலோரத்தைத் தவிர்த்து கேபினட்டை வைக்க வேண்டும்.

மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும் விண்டோஸ் சில நேரம் 60இலேயே விட்டுவிடும், டிஸ்பிளே அமைப்பில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பில், பெட்டிகள், சாக்கெட்டிலிருந்து தெறித்த அந்தக் கறுப்பு மூடி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். மதர்போர்டை வாரண்டிக்கு அனுப்பும் நாளில் அந்த மூடி இல்லாமல் சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.