கை வருத்தமும் கடல் தூரமும்: தீவிலிருந்து கிளினிக் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவைச் சேர்ந்த என் சித்தப்பாவின் வலது மோதிரவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. விரலின் அடிப்பக்கத்தில், நூல் பிடித்ததுபோல் நேராக ஆறியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்றே சொல்வார்கள். தைத்தது உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. மீன் வெட்டும்போது கத்தி நழுவியது, கிட்ட இருந்த ஓரிடத்தில் 4 தையல் போட்டார்கள், 12ஆம் நாள் பிரித்தார்கள். விரல் மடியவில்லை என்பதை அவரும் கவனிக்கவில்லை, வேறு எவரும் கேட்கவில்லை. கட்டும் வலியும் இருந்தால் விரல் விறைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார். ஒரு மாதம் கழித்துத் தூண்டில் நூலை இழுத்தபோது மற்ற விரல்கள் நூலைச் சுற்ற, அது மட்டும் விறகுக்குச்சிபோல் நீட்டிக்கொண்டு நின்றது.

யாழ்ப்பாணத்தில் நிபுணரிடம் காட்டியபோது, அறுந்த தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விட்டது, இனி நேரடியாக இணைக்க முடியாது என்றார். விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் முதல் சில நாட்களுக்குள் தைப்பதே நல்லது. ஏறத்தாழ 3 வாரம் கடந்துவிட்டால் அறுந்த முனை சுருங்கி, அது ஓடும் உறையும் ஒட்டிப்போகும். பிறகு பெரும்பாலும் இரண்டு சத்திரசிகிச்சை தேவைப்படும். முதலாவதில் சிலிக்கோன் தண்டு ஒன்றை வைத்து வழி திறப்பார்கள். சில மாதம் கழித்து வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை அந்த வழியில் ஓட்டுவார்கள். ஒரு படகுப் பயணத்தோடு முடிந்திருக்க வேண்டியது பத்துப் பதினைந்து பயணமாகிவிட்டது.

ஆகவே முதல் தவறு, புண்ணைப் பார்ப்பதும் விரலைப் பார்க்காமல் விடுவதும். கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் நின்றதும் செய்ய வேண்டியது ஒன்று. நடுக்கணுவை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பேனா முனையால் விரலின் இரு பக்கத்தையும் இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள். மடியாவிட்டால் தசைநாண், உணராவிட்டால் நரம்பு. நம் ஊரில் இரண்டையும் நரம்பு என்றே சொல்லிவிடுவதால் வருகிற குழப்பமும் சிறியதல்ல. நரம்பில்தான் பட்டிருக்கிறது, மெல்ல மெல்ல உயிர் வரும் என்று யாரோ ஆறுதல் சொல்ல, அறுந்த தசைநாணோடு வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் தானாக ஒருநாளும் ஒட்டாது. வைத்தியரிடம் போகும்போது வெட்டுப்பட்டது என்று மட்டும் சொல்லாமல், விரல் மடியவில்லை, இந்தப் பக்கம் மரத்திருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் உங்களை அனுப்பும் இடத்தையே மாற்றிவிடும்.

நான் பார்த்த அளவில், தூரத்தில் இருக்கிறவர்கள் அவசரமானதையும் ஆறுதலாகப் பார்க்கக்கூடியதையும் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். மணிக்கட்டில் சிறு கட்டி வந்தால் மறுநாள் முதல் படகில் ஏறுகிறார்கள். மீன்முள் குத்திய விரல் வீங்கிச் சிவந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, சோளகக் காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

மீன்முள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கெளிறு, திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வைக்கும் பழக்கம் நல்லது. 45 பாகை செல்சியஸ் அளவான சூடு நஞ்சின் வலியைக் குறைக்கும். குத்துப்பட்ட கைக்குச் சூட்டின் அளவு சரியாகத் தெரியாது, ஆகவே மற்றக் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். முள் முனை உள்ளே முறிந்திருந்தால் வீட்டில் கிண்டிக்கொண்டிருக்காமல் வைத்தியசாலையில் எடுப்பியுங்கள். ஏற்பூசியையும் (டெட்டனஸ் ஊசி) கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நான்கு அறிகுறிகளைத் தேடுங்கள். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருக்கும். அரை மடிப்பிலேயே நிற்கும். உள்ளங்கைப் பக்கமாக விரல் நெடுகத் தொட்டால் வலிக்கும். நுனியைப் பிடித்து நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். இவை சேர்ந்தால் தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கே கழுவி எடுக்க வேண்டியது அது. நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்குக் கடல்நீர்க் கிருமி சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம், காத்திருக்கவே கூடாது. இன்னொரு வகை நேரெதிர். குத்திய இடம் ஆறிப் பல வாரம் கழிந்தபின் சிறு சிறு முடிச்சுகளாகக் கிளம்பும், சாதாரண மருந்துக்கு மசியாது. காசநோய்க் கிருமிக்கு உறவான, மீனிலும் கடல்நீரிலும் வாழும் ஒரு கிருமி அதற்குக் காரணமாக இருக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து தேவை. முள் குத்திய பழைய கதையை நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அந்தத் திசையில் யோசிக்க வழியில்லை.

பெரிய காயம் என்றால் தவறுகள் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றன. கோப்பித்தூளை அப்புகிறார்கள். அதைச் சுரண்டிக் கழுவவே சத்திரசிகிச்சைக் கூடத்தில் நேரம் போகும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால் பெரும்பாலான இரத்தப்போக்கு நின்றுவிடும். மோதிரத்தையும் வளையலையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றுங்கள். விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஐஸில் நேரே போடக் கூடாது, உறைந்தால் திசு செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வையுங்கள். அப்படிக் குளிரில் வைத்த விரல் 12 மணி நேரம் தாண்டியும் பொருத்தத் தகுதியோடு இருக்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை உள்ளதால் அவகாசம் மிகக் குறைவு.

படகுத்துறையில் நடக்கும் இன்னொன்று: களைத்துப் போயிருக்கிறார் பாவம் என்று யாராவது பால்தேநீரும் பணிசும் கொடுத்துவிடுவார்கள். மயக்கமருந்து கொடுக்க வேண்டுமென்றால் சாப்பிட்டு 6 மணி நேரம் கழிய வேண்டும். அன்பாகக் கொடுத்த அந்தப் பணிசு சத்திரசிகிச்சையைப் பின்னேரத்திலிருந்து நள்ளிரவுக்குத் தள்ளிவிடும். தீவில் இருந்தால் தனியாகப் படகு தேடி அலையாமல் முதலில் அங்குள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். நோயாளியை அனுப்பும் ஒழுங்கும் கடிதமும் அங்கிருந்தே வரட்டும். தரைவழி இணைப்புள்ள இடங்களில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

முறிவுக்கு மருந்துப் பற்று வைத்துப் புக்கை கட்டுவதைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முறிவு நெரிவு வைத்தியர்கள் மீது எனக்கு வெறுப்பு இல்லை. என் அம்மாவின் கால் சுளுக்கு அங்கேதான் மாறியது. ஆனால் விரல் முறிவு அப்படியல்ல. விரல்களை மடக்கிக் கையைப் பொத்திப் பிடித்துப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு திருகிப் பொருந்தியிருக்கிறது. அதைப் புக்கை நிமிர்த்தாது. கையை நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் இறுகக் கட்டினால் மூட்டுகளும் விறைத்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

மெதுவான வருத்தங்களுக்கு வருவோம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாவது பெரும்பாலும் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் கட்டினாலே பலருக்குக் குறையும், ஆகவே சில வாரம் பொறுக்கலாம். பெருவிரலின் அடிச்சதை மற்றக் கையைவிட வற்றத் தொடங்கியிருந்தால் பொறுக்கக் கூடாது. போன சதை முழுதாகத் திரும்புவது அரிது. காலையில் விரல் மடிந்து மாட்டிக்கொண்டு டிக்கென்று விடுபடுவது ட்ரிகர் பிங்கர். அதற்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி நல்ல பலன் தரும். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சில நாள் சீனி ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்கள் கோயிலில் கும்பிடும்போது உள்ளங்கைகளைப் பார்க்கட்டும். விரல்கள் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் மூட்டுகள் இறுகத் தொடங்கியிருக்கின்றன. அதை அடுத்த நீரிழிவு கிளினிக்கிலேயே காட்டலாம், அதற்கென்று தனிப் பயணம் தேவையில்லை.

கிளினிக் நாளில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும். கடிதம் இல்லாமல் நேரே நகரத்துக்குப் போய், எந்தப் பிரிவு என்று தெரியாமல் வரிசை மாறி நிற்பது ஒன்று. ஊர்காவற்றுறை, சாவகச்சேரி, தெல்லிப்பளை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளில் கிட்ட இருப்பதில் முதலில் காட்டினால், எந்தப் பிரிவுக்கு என்று எழுதியே தருவார்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகளின் பெயர் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கட்டும். காலையில் மாட்டும் விரல் பத்து மணிக்கு வைத்தியர் முன்னால் சமர்த்தாக மடியும். ஆகவே மாட்டும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, நெடுந்தீவிலிருந்து வருகிறேன், அடுத்த படகு இத்தனை மணிக்கு என்பது. மருந்து கட்டுவதையும் தையல் பிரிப்பதையும் ஊரில் செய்ய ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தசைநாண் தைத்தபின் பிசியோதெரபியை மட்டும் அப்படி ஊருக்கு மாற்றிக்கொள்ள எளிதில் முடியாது. அசைக்காவிட்டால் ஒட்டிப்போகும், அளவு மீறினால் அறுந்துபோகும். அந்த அளவைக் கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விரலைத் தாங்கக் கட்டும் சிம்பு ஏறத்தாழ 6 வாரம், பாரம் தூக்காமல் 12 வாரம் என்று கணக்குச் சொல்வார்கள். வலி இல்லையே என்று மூன்றாம் வாரம் சிம்பைக் கழற்றி வாளி தூக்குகிறவர்கள்தான் மறுபடி சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகிறார்கள்.

சித்தப்பா இப்போது யாழ்ப்பாணம் கொட்டடியில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து நாலாம் வாரம். மணிக்கு ஒரு தடவை, சொல்லித் தந்த எண்ணிக்கைக்கு விரலை மடக்கி நீட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு நாள் போய் வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் கேட்கிறார். மகள் அவருடைய தேசிய அடையாள அட்டையை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள்.