முகநூலில எழுதினதுக்குக் கொண்டு போனால், வீட்டில நிக்கிறவை செய்ய வேண்டியது

முகநூல் பதிவுக்காகத் தம்பியைப் பிடிக்க வந்தவை யாழ்ப்பாணம் கொக்குவில்ல எங்கட படலையைத் தட்டினது விடியக்காலமை நாலே முக்கால். நேரத்தை இப்பிடிச் சரியாச் சொல்லக் காரணம், அண்டைக்கே எழுதி வைச்சனான். கணக்கியல் ரியூசன் குடுக்கிற கொப்பியின்ர கடைசிப் பக்கம்தான் கையில அம்பிட்டது. 2021 இல நடந்தது. ஏழு மாதம் கழிச்சுத் தம்பி பிணையில வரேக்க அந்தக் கொப்பி நிறைஞ்சு போய்ச்சு. இப்ப ஆராவது, "அக்கா, எங்கட பெடியனைக் கொண்டு போட்டினம்" எண்டு ஃபோன் எடுத்தால், நான் முதல் கேக்கிறது கொப்பி பேனை பக்கத்தில கிடக்கோ எண்டுதான்.

வந்த நேரம், எத்தினை பேர், சீருடையோ சிவிலோ, வாகன இலக்கம், சொன்ன பேர், பதவி, எங்க கொண்டு போகினம் எண்டு சொன்னவை, இவ்வளவும் எழுதுங்கோ. ஏன் பிடிக்கிறியள் எண்டு சத்தமாக் கேளுங்கோ. அரசியலமைப்பின்ர 13(1) படி காரணம் சொல்லத்தான் வேணும். சத்தமா எண்டு நான் சொல்லுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கிறதுக்கு. எங்கட வேலிக்கு அங்கால இருக்கிற அண்ணை ரோச் லைற்றோட வெளியில வந்ததாலதான் வாகன இலக்கம் கிடைச்சது. நான் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். ஃபோன், லாப்டொப், கொப்பி எண்டு எது எடுத்தாலும் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கோ. தராட்டி, தரேல்லை எண்டு எழுதுங்கோ. அதுவும் பிறகு உதவும்.

அவை போன கையோட 1996 க்கு அடியுங்கோ. அது மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர அவசர இலக்கம். அந்த ஆணைக்குழுவை உண்டாக்கின சட்டமும் 1996 இலதான் வந்தது, அதால இலக்கம் மறக்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில ஆரையும் பிடிச்சால் 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேணும். "உங்களுக்கு அறிவிச்சவையோ?" எண்டு கேட்டு, மறுமொழியை நேரத்தோட எழுதுங்கோ. பொழுது விடிஞ்சதும் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு நேர போய் எழுத்தில முறைப்பாடு குடுத்து, இலக்கம் வாங்குங்கோ.

இதில ஏன் அவசரப்படுத்திறன் எண்டால், அடிப்படை உரிமை மீறல் வழக்குக்கு உயர் நீதிமன்றம் தாறது ஒரு மாதம்தான். நீதிமன்றம் கொழும்பில. தம்பி எங்க இருக்கிறான் எண்டு தேடித் திரியவே எங்களுக்கு ஒன்பது நாள் போச்சு. அந்த மாதத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு பதிஞ்சால், அவையின்ர விசாரணை நடக்கிற காலம் மாதக் கணக்கில சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. விசாரணை நடக்குது எண்டு கடிதமும் எடுத்து வையுங்கோ, நீதிமன்றம் கேக்கலாம். நான் முப்பதாம் நாளைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வைச்சனான். ஆளை எங்க வைச்சிருக்கினம் எண்டே தெரியாட்டி ஆட்கொணர்வு மனு இருக்கு. வடக்கில வைச்சிருந்தால் அதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, மாகாண மேல் நீதிமன்றமே கேக்கும்.

அடுத்தது, எந்தச் சட்டம் எண்டு அறியுங்கோ. சாதாரண சட்டமெண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்டக் கொண்டு போக வேணும். 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமெண்டால் 72. அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவில கையெழுத்து வைச்சிட்டால் மூண்டு மூண்டு மாதமா ஒரு வருஷம் வரைக்கும் நீட்டலாம். தம்பியின்ர காலத்தில அது 18 மாதம், 2022 திருத்தம்தான் குறைச்சது. சாந்தமா எழுதினவையும் இதில மாட்டுப்படுகினம், ஏனெண்டால் இனங்களுக்கிடையில ஒற்றுமையைக் குலைக்கிற சொல்லும் அதின்ர 2 ஆம் பிரிவில குற்றம். பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு 2009 இல 20 வருஷக் கடூழியம் தீர்த்தது எழுதின கட்டுரைகளுக்காக. மற்றது 2007 ஆம் ஆண்டு ஐசிசிபிஆர் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்க வந்த சட்டமாம், பகையைத் தூண்டினதெண்டு அதின்ர 3 ஆம் பிரிவில பிடிச்சால் நீதவானால பிணை குடுக்கேலாது!

இனி நான் கனக்கச் சொல்ல வேண்டிய இடம், மொழி. தம்பி எழுதினது இரண்டு வரி. கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில இருந்து காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் ரோட்டுக் கரையில இருக்கினமே, அந்தப் படத்தைப் போட்டு, "அம்மாக்களின்ர போராட்டம் தொடரும்" எண்டு எழுதினவன். கோப்பில அது சிங்களத்துக்குப் போகேக்க போராட்டம் சண்டையாப் போச்சு. அம்மாக்களும் இல்லை, படமும் இல்லை. சட்டத்தரணி காட்டேக்க எனக்குக் கை நடுங்கினது. அடுத்த வருஷம் காலிமுகத்திடல்ல முழு நாடும் சிங்களத்தில "அரகலய" எண்டு கத்தினது. அதுக்குத் தமிழ் என்ன? போராட்டம்தான்.

அதால பதிவை அழிக்காதேங்கோ. அழிச்சால் ஒளிச்சதெண்டு வரும். படம், திகதி, கீழ இருக்கிற கருத்துகள் எல்லாத்தையும் முழுசா ஸ்கிரீன்சொட் எடுத்து அச்சடியுங்கோ. பிறகு சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரைப் பிடிச்சு, சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் முழுதா மாத்தி எடுத்துச் சட்டத்தரணியிட்டக் குடுங்கோ. காசு போகும், போகட்டும். கவிஞர் அஹ்னாப் ஜஸீமைத் தமிழ்க் கவிதைகளை வைச்சு 2020 மே மாதம் பிடிச்சவை. பிணை கிடைச்சது 2021 டிசெம்பர். வழக்கில இருந்து விடுபட 2023 டிசெம்பர் ஆச்சு.

உள்ள இருக்கிறவருக்குச் சட்டத்தரணி மூலம் முதல் சொல்லி விட வேண்டியது, விளங்காத மொழியில எழுதின கடுதாசியில கையெழுத்து வைக்காதே எண்டுதான். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிட்டக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில சாட்சியா நிக்கும். சிங்களம் தெரியாத நல்லரத்தினம் சிங்கராசா, சிங்களத்தில தட்டின வாக்குமூலத்தில பெருவிரல் வைச்சு, 50 வருஷத் தீர்ப்பு வாங்கினவர். மேன்முறையீட்டில அது 35 ஆச்சு. 2004 இல ஐ.நா. மனித உரிமைகள் குழு அது பிழையெண்டு சொல்லியும் உயர் நீதிமன்றம் ஏற்கேல்லை.

ஊர் என்ன சொல்லுமெண்டு தெரியும். "வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை, தானா விடுவினம்" எண்டு பெரியப்பா வந்து சொன்னவர். நான் கேக்கேல்லை. ஆனால் தம்பியின்ர முகநூல் கணக்கில ஏறி வசனம் எழுதவும் விடேல்லை, அது அவன்ர கோப்பிலதான் சேரும். பத்திரிகைக்குக் குடுத்தம். ஜெனீவாவில எதேச்சையான தடுத்துவைப்பு பற்றின ஐ.நா. செயற்குழுவுக்கு எழுதினம். அதுக்கு இஞ்சத்தை வழக்கு முடியும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஆளின்ர சம்மதம் இருந்தால் நல்லது.

பாக்கப் போகேக்க அடையாள அட்டை, மருந்துச் சீட்டோட மருந்து, சாரம், சோப். ஆளைக் கண்டால் உடம்பில காயம் இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் திகதியோட எழுதி, நீதவான் முன்னால சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிட்டக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.

பிணை கிடைச்சது சட்டமா அதிபர் சம்மதிச்ச பிறகு. இப்ப பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சு 12 மாதத்துக்குள்ள வழக்குத் தொடங்காட்டி மேல் நீதிமன்றத்தில பிணை கேக்கலாம். வந்த பிறகும் கொப்பி மூட வேண்டாம். மாதக் கடைசி ஞாயிறு தம்பி பிணைக்குக் கையெழுத்து வைக்கப் போவான். ஒருக்கா, வரேல்லை எண்டு அங்க பதிஞ்சு போட்டினம். அண்டைக்குப் போன நேரம், மேசையில இருந்தவரின்ர இலக்கம், வாசல்ல மழைக்கு ஒதுங்கி நிண்டது வரைக்கும் என்னட்ட இருந்தது. சட்டத்தரணி அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போனவர். இப்ப நாலாவது கொப்பி.